ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெர்மனி

தவசிமுத்துவை ஜெர்மனிக்கு வழியனுப்ப ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கூடிய கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் எதற்காகப் போகிறார் என்று தெரியாது. மீதிப் பேர் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தேழாம் வருஷம் மார்ச் முதல் வாரம். நாதஸ்வரம், தவில், ஆளுயர மாலை, சால்வை, கையில் எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. ‘மேலைநாடு செல்லும் வேதியியல் வேந்தே, வென்று வருக’ என்று சுவரொட்டி அடித்து தென்காசி ரோடு முழுக்க ஒட்டியிருந்தார்கள். யாரை வெல்ல வேண்டும் என்று அதில் போடவில்லை.

இந்த ஊரில் இது வழக்கம். ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனாலும் சரி, துபாய்க்குப் போனாலும் சரி, மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டால்தான் அவன் போனதாகக் கணக்கு. ஏற்றிவிட்டபின் அவன் பாட்டுக்குத் திரும்பி வந்துவிடவும் முடியாது. சொன்ன காலத்துக்கு அங்கே இருந்தாக வேண்டும், வரும்போது கொஞ்சம் நிறமாகவாவது வர வேண்டும்.

தவசிமுத்து அந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி லெக்சரர். மலையடிவாரத்தில் முளைக்கிற ஒரு மரத்தின் வேரிலிருந்து மஞ்சளாக ஒரு தூளை ஆறு வருஷமாகக் காய்ச்சிக் காய்ச்சிப் பிரித்தெடுத்து, ஒரு சின்னக் குப்பியில் வைத்திருந்தார். அது என்ன பொருள், அதன் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொடுக்கிற பெரிய காந்த மெஷின் ஒன்று ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. அந்த ஆய்வகத்துப் பேராசிரியரும் வரச் சொல்லி எழுதிவிட்டார். டெல்லியில் ஒரு நிதிக்குழு, இப்படி வெளிநாட்டு ஆய்வகம் போகிற கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு விமானச் செலவு கொடுத்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டினால் கிடையாது. தவசிமுத்துவுக்கு அந்த ஆடியில் நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அந்தக் குப்பி குப்பியாகவே கிடக்க வேண்டியதுதான்.

அதே டிபார்ட்மென்டில் கண்ணுச்சாமி என்று ஒருவர். மகாராஜபுரத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். அவருக்கும் அதே வயதுதான், அவரும் அதே நிதிக்கு மனு போட்டிருந்தார். கிடைத்தது தவசிமுத்துவுக்கு. கண்ணுச்சாமியின் பெயர் காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக நின்றது. டிபார்ட்மென்டில் இருந்த ஒரே நல்ல வேக்குவம் பம்பு யாருக்கு என்று தொடங்கிய தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்றுகொண்டு, லேப் அட்டெண்டர் சிவனாண்டி வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். “அவிய அடுப்பை அணைக்கச் சொல்லு”, “எப்ப அணைக்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லு” என்று போகும். சிவனாண்டி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒன்றையும் சொல்லமாட்டான். அவர்களுக்கேதான் காது கேட்கிறதே.

இப்படி மேளதாளத்தோடு போன மனுஷனுக்கு மெட்ராஸில் தங்கியிருந்த லாட்ஜில் தந்தி காத்திருந்தது. ஜெர்மனியில் அந்தக் காந்தம் பழுதாகிவிட்டது, சரிசெய்ய மாசக்கணக்கில் ஆகும், தயவுசெய்து ஜூனில் வரவும். தவசிமுத்து தந்தியை நாலு தரம் படித்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியில் இருந்த புது ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தார். ஜூனில் போனால் போகிறது, அதில் ஒன்றும் இல்லை. நிதி மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதியாகும். அதற்குள் டெல்லியில் தேதி மாற்றி வாங்க வேண்டும். அதுகூட நடக்கிற காரியம்தான். ராஜபாளையத்தில் போய் எப்படி இறங்குவது என்பதுதான் தெரியவில்லை. மாலை வாடியிருக்காதே!

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் போகும். விடிந்து வெயில் ஏறுகிற நேரம். கண்டக்டர் “புத்தூர், புத்தூர்” என்று கத்தியபோது தவசிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து இறங்கிவிட்டார்.

அங்கே தேரடிப் பக்கம் வேல்சாமிக்குப் பால்கோவாக் கடை. காலேஜ் படிக்கும்போது ஒரே ஹாஸ்டல் ரூமில் இருந்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்தபின் மாடி அறைச் சாவியைக் கொடுத்தான். அந்த அறைக்கு நேர் கீழேதான் பால் காய்ச்சுகிற அடுப்புகள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பால் சுண்டும், மேலே தவசிமுத்துவும் சுண்டுவார். ஜெர்மனியின் குளிருக்கு வாங்கிய மப்ளரை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பனியனோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். நிறமாகிறதாவது! பத்து நாளில் அடுப்படி ஆள் மாதிரி கறுத்துப்போனார்.

வந்த மூன்றாம் நாளே டெல்லிக்கு, தேதியை ஜூனுக்கு மாற்றித் தரும்படி ரிஜிஸ்டர் தபால் எழுதிப் போட்டுவிட்டார். முறைப்படி அது பிரின்ஸிபால் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் பிரின்ஸிபால் வெங்கடபதி ராஜாதான் வழியனுப்பு விழாவுக்குத் தலைவர். முக்கால் மணி நேரம் பேசி, பேச்சின் முடிவில் கண் கலங்கியவர். அந்த மனுஷன் முன்னால் போய், ஐயா நான் போகவில்லை, இங்கே பால்கோவாக் கடை மாடியில் இருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? கண்ணுச்சாமி காதில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். சிவனாண்டி வழியாக எதையாவது சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவார். டெல்லிக்காரன் நேரே பதில் போட்டுவிட்டால் ஊருக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும் என்று தவசிமுத்து தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

அதிர்ஷ்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. தேரடியில் ராஜபாளையத்து ஆட்கள் புழங்காத நாள் கிடையாது. கோயிலுக்கு வருவார்கள், பால்கோவா வாங்க வருவார்கள், சும்மாவும் வருவார்கள். முதல் இரண்டு நாள் தலைகள் தெரிந்தன. அப்புறம் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேல்சாமிதான் புலம்பினான். “ஏலே, உங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூட கடைக்கு வரமாட்டேங்கானே. எதித்த கடையிலயும் இல்ல. எல்லாரும் மேலத் தெருவுல போயி வாங்குதானாம். என் சரக்குல என்னலே கொறை?” என்று கேட்டான். தவசிமுத்து மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டார்.

மனைவி பரிபூரணம் சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஜெர்மனியைப் பற்றிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. ஒரு சனிக்கிழமை பயந்துபோய் வந்தாள். முந்தின நாள் வாய் தவறி, அங்கே வேக்காடு தாங்கவில்லையாம், ராத்திரி தூக்கமே இல்லையாம் என்று சொல்லிவிட்டாளாம்.

“யாரும் ஒண்ணும் கேக்கலியா?” என்றார் தவசிமுத்து.

“கேக்கலங்க. ‘ஆமா பாவம், அங்கிட்டு அப்படித்தான் இருக்கும்’னு சொல்லிட்டு ஒரு சொளகு நிறைய முருங்கைக்கீரை குடுத்தாக. போகும்போது கொண்டுபோன்னாக. எங்க போகும்போதுன்னு சொல்லல.”

தவசிமுத்துவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பசிக்கிற நேரத்தில் கீரை வந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் டெல்லியிலிருந்து பதில் வந்தது. தவசிமுத்து உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு தரம் தன்னைப் பார்த்துக்கொண்டார். விஷயம் இதுதான். நிதிக்குழு, கல்லூரி முதல்வரைத் தொலைபேசியில் விசாரித்தது. தவசிமுத்து ஜெர்மனி சென்றுவிட்டார், நலமாக இருக்கிறார் என்று முதல்வர் உறுதியாகச் சொன்னார். ஆகவே, தவசிமுத்து என்று கையெழுத்திட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுதுகிற நபர், தாம் யார் என்பதை முப்பத்தொன்றாம் தேதிக்குள் முதல்வர் மூலமாக விளக்க வேண்டும். தவறினால் நிதி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அடுத்தவர் என்றால் கண்ணுச்சாமி. தவசிமுத்து பெட்டியில் ஸ்வெட்டர்களுக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் குப்பியை எடுத்தார். ஆறு வருஷம். லீவு நாள், பண்டிகை நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த நாள் என்று பார்க்காமல் லேபில் கிடந்த ஆறு வருஷம். மானமா, இதுவா என்று இரண்டையும் வைத்துப் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று பஸ் ஏறிவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். பஸ்ஸில் இருந்த தெரிந்த முகமெல்லாம் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது. கண்டக்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட் கிழித்தார். ராஜபாளையத்தில் இறங்கினால், வழியனுப்பு விழாவில் ஆளுயர மாலையைத் தூக்கி வந்த டீக்கடை உக்கிரபாண்டி இவரைக் கண்டதும் ஆற்றிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். கல்லூரி வாசலில் பையன்கள் ஒரு கூட்டமாக ஷூ லேஸ் கட்டக் குனிந்தார்கள். அதில் பாதிப் பேர் செருப்புப் போட்டிருந்தார்கள்.

பிரின்ஸிபால் அறைக்குள் நுழைந்தார். வெங்கடபதி ராஜா நிமிர்ந்து பார்த்தார். உடனே ஃபைலைப் பார்த்துக்கொண்டார்.

“சார், நான் தவசிமுத்து.”

“தவசிமுத்து ஜெர்மனியில இருக்காரு,” என்றார் பிரின்ஸிபால், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க பின்வாசல் வழியா போயிருங்க. நான் யாரையும் பாக்கல.”

தவசிமுத்து டெல்லிக் கடிதத்தை ஃபைலின் மேல் வைத்தார். பிரின்ஸிபால் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, “தேவுடா” என்றார்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. விழா முடிந்த அந்த வாரமே பேத்திக்குப் பால்கோவா வாங்கப் போனவர், வேல்சாமி கடை மாடியில் பனியனும் ஈர மப்ளருமாக ஒரு தலையைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் அவருக்குப் பதறிவிட்டது. அந்த மனுஷன் மானத்தோடு பிழைக்க வேண்டுமே என்று அன்றைக்கே ஸ்டாஃப் மீட்டிங் போட்டார். யாரும் தேரடிப் பக்கம் போகக்கூடாது, போனாலும் தலையைத் தூக்கக்கூடாது, பார்த்தாலும் பார்க்கவில்லை என்று முடிவானது. ஸ்டாஃப் அவரவர் வீட்டில் சொன்னார்கள். வீட்டுப் பெண்கள் தெருவில் சொன்னார்கள். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் டெல்லியிலிருந்து போன் வந்தபோது, எங்கே குட்டு உடைந்துவிடுமோ என்று, போய்விட்டார், சௌக்கியமாக இருக்கிறார், அங்கே நல்ல குளிராம் என்று பிரின்ஸிபால் கூடுதலாகவே சொல்லிவைத்திருக்கிறார்.

தவசிமுத்துவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று வாரம் அவர் ஊருக்குப் பயந்து ஒளிந்திருக்க, ஊர் அவருக்குப் பயந்து ஒளிந்திருந்திருக்கிறது.

தபால் போய்ச் சேர நாளில்லை. மறுநாளோடு நிதியாண்டு முடிகிறது. டெல்லிக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் புக் செய்துவிட்டு இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி லைன் கிடைத்தது. அதற்குள் அறை வாசலில் ஸ்டாஃப் மொத்தமும் கூடிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் பையன்கள், அவர்களுக்கும் பின்னால் என்னவோ பாக்கி வசூலிக்க வந்தவர் மாதிரி உக்கிரபாண்டி.

இருபது வருஷமாகப் பிரின்ஸிபாலாக இருந்து ஒரு தப்பையும் ஒத்துக்கொண்டறியாத வெங்கடபதி ராஜா, எழுந்து நின்றுகொண்டு, இங்கிலீஷில், தான் போன வாரம் சொன்னது பொய் என்றார். தவசிமுத்து போகவே இல்லை, இதோ எதிரில் இருக்கிறார் என்றார். அந்தப் பக்கத்து அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. போன வாரம் போனார் என்றீர்கள், இன்றைக்குப் போகவில்லை என்கிறீர்கள், நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். தவசிமுத்து தானே போனை வாங்கிப் பேசினார். குரலை வைத்து ஆளை எப்படி ஐயா கண்டுபிடிப்பது என்றார் அதிகாரி. கடைசியில் ஒரு வழி சொன்னார். ஏற வேண்டிய விமானம் ஆறாம் தேதி போன அடுத்தடுத்த நாளிலேயே இந்த மனிதரை இந்தியாவில் கண்ணால் பார்த்தேன் என்று, முதல்வர் அல்லாத பொறுப்பான வேறொருவர், இப்போதே, இந்தப் போனிலேயே சொல்ல வேண்டும். சொன்னால் தேதியை மாற்றி ஆர்டர் போட்டுவிடுகிறார். இல்லையென்றால் சாயங்காலமே அடுத்தவர் பெயருக்கு மாற்றிவிடுவார்.

பிரின்ஸிபால் ரிசீவரைத் திரும்ப வாங்கி, கையால் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தார். “யாராவது இவரை ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாத்தீங்களா?”

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பார்க்கவில்லை என்றுதானே முடிவு. கொடுத்த வாக்கை அந்த மனுஷன் முகத்துக்கு நேராகவே மீறுவதா என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் லெக்சரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உக்கிரபாண்டி மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தார்.

“பாத்திருந்தா சொல்லுங்கய்யா,” என்றார் தவசிமுத்து. “எனக்கு மானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணுச்சாமி உள்ளே வந்தார். பிரின்ஸிபால் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். தன் பெயரையும் வேலையையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி. ஆமாம், காத்திருப்போர் வரிசையில் இருக்கிற கண்ணுச்சாமி நான்தான் என்றார். இன்னொரு கேள்வி. கொஞ்சம் நீளமான கேள்வி. கண்ணுச்சாமி ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். இல்லை, அடுத்த வருஷம் எனக்கும் வயது தாண்டிவிடும், தெரிந்துதான் சொல்கிறேன் என்றார். மார்ச் ஏழாம் தேதி காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இவரை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, ரிசீவரைப் பிரின்ஸிபாலிடம் கொடுத்தார்.

அதிகாரி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேதி ஜூனுக்கு மாறிவிட்டது.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஆளுக்கு ஆள் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜன்னலில் நின்று பல் விளக்கியதை ஒருவர் பார்த்திருந்தார். வேல்சாமிக்குத் தெரியாமல் சட்டியிலிருந்து வழித்துத் தின்றதை சிவனாண்டி பார்த்திருந்தான். அந்த நீலக்கோடு போட்ட பனியனில் முதுகுப் பக்கம் பெரிய ஓட்டை என்று உக்கிரபாண்டி சொன்னதை, பின்னால் நின்ற பையன்கள் எல்லோரும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்கள். தவசிமுத்துவின் காதில் அதெல்லாம் பாதிதான் விழுந்தது. அவர் கண்ணுச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் நாளே பாத்திருக்கீங்க. யார்ட்டயும் சொல்லலியே, ஏன்?”

கண்ணுச்சாமி வழக்கம்போல சிவனாண்டி எங்கே என்று தேடினார். அவன் பால்கோவாக் கதையில் மும்முரமாக இருந்தான். வேறு வழியில்லாமல் தவசிமுத்துவைப் பார்த்தே பேசினார்.

“மதுரையில இருந்து நானும் அதே பஸ்லதான் வந்தேன். உங்களுக்கு ரெண்டு சீட்டு பின்னால. புத்தூர்ல எந்திரிச்சீங்க, உக்காந்தீங்க, பொறவு எறங்கிட்டீங்க. வசமா மாட்டுனான்னு சிரிக்கத்தான் நெனச்சேன். நீங்க எறங்கின எறக்கத்தைப் பாத்தப்பொறவு சிரிப்பு வரல.”

“வரிசையில அடுத்தது நீங்கதான சார். இப்ப வாயைத் தெறக்காம இருந்திருந்தா...”

“இருந்திருக்கலாம். நானும் செத்த நேரம் யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.” கண்ணுச்சாமி வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஆறு வருஷமா பக்கத்து மேசையில நின்னு அந்த மஞ்சத்தூளைப் பாத்துக்கிட்டே இருக்கேன். அது என்னன்னு தெரியாம எனக்கும் மண்டையைக் குடையுது. போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அத்தனை பேர் நடுவிலும் தவசிமுத்து அழுதுவிட்டார்.